பக்கத்து ஊர் மெடிக்கல்

முதுகலையில் நான் எடுத்த பாடம் நலவாழ்வு உளவியல். ஹெல்த் சைக்காலஜி என்று சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி, தியாகதுருகத்தில் ஒருவருக்கு அதைப் புரிய வைப்பதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும். ஹெல்த் என்ற பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் நான் நர்ஸுக்குப் படிப்பதாக நினைத்தார்கள். சைக்காலஜி என்ற பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று முடிவுகட்டினார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, இரண்டையும் சேர்த்து என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி நர்ஸ் ஆக்கிவிட்டாள். "அதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ் போவணும்? நம்ம வூட்லயே வேண்டிய ஆளு இருக்குதே" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள்.

உண்மையில் அந்தப் படிப்பு கேட்பது எளிமையான கேள்விதான். உடம்புக்கு ஒன்று வந்தால் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்? மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு ஏன் போடாமல் இருக்கிறார்கள், டாக்டரிடமே ஏன் பொய் சொல்கிறார்கள், வலியை ஏன் மறைக்கிறார்கள்? மார்பில் கட்டி வந்த பெண்கள் அதை ஏன் மாதக்கணக்கில் யாருக்கும் காட்டாமல் இருக்கிறார்கள் என்பதை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அதைப் படித்துக்கொண்டும் ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டும் நான் இருந்த காலம் முழுவதும், என் அம்மா தன் மார்பில் இருந்த கட்டியை என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். என் தங்கைக்கே அரைகுறையாகத் தெரியும். அதையே படித்த ஒருத்திக்கு மட்டும் தெரியாது. இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் என் முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடுகிறார்கள். அது என்னிடம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. வருஷங்கள் ஆகியும் ஆறவில்லை.

படித்தது சென்னையில், விடுதியில் தங்கி. அப்போது எங்கள் கள்ளக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று என்னோடு படித்தவர்களுக்குத் தெரியாது. விழுப்புரம் பக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு "ஓ" போடுகிறார்கள். அந்த "ஓ"வைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

பாடப் புத்தகங்களில் பெட்டி பெட்டியாகப் படம் போட்டு அம்புக்குறி இழுத்திருப்பார்கள். நோயாளி முதலில் அறிகுறியைக் கவனிக்கிறாள், பிறகு ஆபத்தை எடைபோடுகிறாள், பிறகு முடிவெடுக்கிறாள். எல்லாவற்றையும் அவளே தனியாக உட்கார்ந்து செய்கிறாள். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை தலைவலி மாத்திரை போட்டுக்கொள்வதற்கே நாலு பேர் வாயில் விழுந்து எழ வேண்டும். அந்த நாலு பேருக்குப் படத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. இதை வகுப்பில் சொன்னேன். என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த மேடம், "அப்போ அதையே ப்ராஜெக்டா பண்ணுங்க" என்றார். நல்ல மனுஷி. ஆனால் நான் ஊருக்குப் பஸ் ஏறும் முன்பே அவரிடம் முடிவு தயாராக இருந்தது. "அங்கெல்லாம் விழிப்புணர்வு கிடையாதும்மா, அதுதான் காரணம்" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

விழிப்புணர்வைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மெடிக்கல் இருக்கிறது. அப்பா தன் சர்க்கரை மாத்திரையை ஒரு நாளும் அங்கே வாங்கியதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் வாங்குவார். அங்கே மருந்து நன்றாக இருக்கும் போல என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். விஷயம் அதுவல்ல. வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டுக்காரர்கள் உள்ளூர் மெடிக்கலில் மருந்து வாங்க மாட்டார்கள். பெண் கேட்பவர்கள் எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வருவதில்லை. முதலில் ஓர் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் டீக்கடையில் உட்கார்ந்து நிலம் நீச்சை விசாரிப்பார். பிறகு மெடிக்கலுக்குப் போய் ஒரு தைல பாட்டிலை வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் யாருக்காவது சர்க்கரை, வலிப்பு, புத்திக் கோளாறு, புற்றுநோய் உண்டா என்று நைசாகக் கேட்பார். கடைக்காரர் சொல்லிவிடுவார். நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரும் இன்னொரு மெடிக்கலில் விசாரிக்கத்தானே வேண்டும். அதனால் தியாகதுருகத்துச் சர்க்கரைக்காரர்கள் கள்ளக்குறிச்சிக்குப் போவார்கள், கள்ளக்குறிச்சிக்காரர்கள் தியாகதுருகத்துக்கு வருவார்கள். இரண்டு ஊர் நோயும் தினம் பஸ் ஏறி இடம் மாறிக்கொண்டிருந்தது. இதில் எந்த இடத்தில் விழிப்புணர்வு குறைவு என்று மேடம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பெண் இரண்டு. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், ஒரு மோட்டார் கிணறு, அதைவிடப் பெரிதாக ஒரு பெயர்.

கேள்விகளை முதலில் வீட்டில் ஒருவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், தமிழ் புரிகிறதா என்று தெரிந்துவிடும் என்பது மேடம் சொன்ன வழக்கம். அம்மாவிடம் கேட்டேன். சமையல்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒனக்கு கட்டி இருக்கிற மாதிரி நெனச்சிக்கோம்மா. அப்பறம் பதில் சொல்லு" என்றேன். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி, நெனச்சிக்கிறேன்" என்றாள்.

"மொதல்ல யார்கிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அது நெசமாயிடும் இல்ல."

"ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"பொண்ணுங்கள வெச்சிக்கினு எப்பிடிப் போறது?"

"பயமா இருந்துச்சா?"

"சாவறதுக்கு இன்னா பயம். நாலு பேருக்குத் தெரியறதுதான் பயம்."

நடுவில் என் தமிழையும் திருத்தினாள். தாமதம் என்று கேட்காதே, கேஸ் போடுகிற மாதிரி இருக்கிறது, எப்ப காட்டினீங்க என்று கேள் என்றாள். மார்பு என்று சொன்னால் எவளும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள், மாரு என்று சொல் என்றாள். சென்னைக்குத் திரும்பி இதையெல்லாம் மேடத்திடம் சொன்னபோது, "உங்க அம்மாவுக்கு என்ன ஒரு கற்பனை!" என்று வியந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஊர் சுற்றத் தொடங்கினேன். சிகிச்சையில் இருந்த பெண்கள் சிலரை ஒரு செவிலியர் அறிமுகப்படுத்தினார். அவர்கள் சம்மதித்த பிறகு வீடுகளுக்குப் போனேன். கல்வராயன் மலைக்கும் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வெள்ளிமலையில் போய் இறங்குவேன். அங்கே ஓர் அம்மா மரவள்ளிக் கிழங்கைக் குவித்துப் போட்டுவிட்டு என்னோடு பேச உட்கார்ந்தார். ஒளிவு மறைவே கிடையாது. "கட்டி வந்துச்சி. வலிக்கல. வலிக்காததுக்கு எவ பஸ் ஏறுவா? கெழங்கு புடுங்கற நேரம் வேற, வூட்டுக்காரரு வெளியூருக்கு மெளகு பறிக்கப் போய்ட்டாரு" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து அவருக்காகச் சில பதில்களைச் சொன்னார்கள். யாரும் அவரை எழுந்து உள்ளே போகச் சொல்லவில்லை. கடைசியில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்கம்மாவுக்கு இருக்குதாம்மா?"

"இல்லீங்க. எங்க வூட்ல யாருக்கும் இல்ல."

"அப்பறம் எதுக்கு இத்தப் போயி படிக்கிற?"

கூலி வேலைக்குப் போகும் பெண்களும் அவரைப் போலத்தான் பேசினார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, அதனால் போகவில்லை என்று நேராகச் சொன்னார்கள். நிலமும் பெயரும் இருந்த வீடுகளில்தான் கதவைச் சாத்தினார்கள், டிவி சத்தத்தைக் கூட்டினார்கள், நான் வந்த வண்டியைத் தெருவில் நிறுத்தாமல் உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் அப்படி ஒரு வீட்டில் ஓர் அம்மா இருந்தார். சிகிச்சை தொடங்கியும் புண் ஆறவில்லை. மகள் கல்யாணம் முடியும்வரை மறைத்து வைத்திருந்தாராம். "துணிய நாலா மடிச்சி வெச்சிக்குவேன். மேல விபூதியக் கொட்டிக்குவேன். கல்யாணத்தன்னிக்கு மல்லிப்பூவ கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிக்கினேன். ஒருத்தருக்கும் தெரியல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் புண்ணும் விபூதியும் கலந்த அந்த வாடை அடித்தது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அது மூக்கை விட்டுப் போகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை வந்தது. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் குடும்பம். கரும்பு நிலம், உரக்கடை, அரசாங்க வேலையில் பையன். அவர்கள் ஆள் வந்து டீக்கடையிலும் மெடிக்கலிலும் விசாரித்துவிட்டுத் திருப்தியாகப் போயிருக்கிறார். அம்மா இந்தத் தையிலேயே முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் ஆய்வை எழுதி முடிக்க வேண்டும், சித்திரை வரைக்கும் பொறுங்கள் என்றேன். அழுதாள். சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நீ செய்வது எமோஷனல் பிளாக்மெயில் என்று நான் கத்தினேன். "அது இன்னாவோ, எனக்குத் தெரியாது. தை தாண்டக் கூடாது" என்றாள். இவ்வளவு பிடிவாதக்காரியா என் அம்மா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவழியாக நிச்சயத்துக்குத் தலையாட்டினேன்.

நிச்சயத்தன்று காலையில் அம்மா எனக்குப் பூ வைத்துவிட வந்தாள். பின்னால் நின்று இடது கையால் வைத்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தூக்கவே இல்லை. கொஞ்ச நாளாகவே கை பிடித்துக்கொண்டது என்று சொல்லி வந்தாள். சரத்தைச் சுற்றிவிட என் பக்கம் நன்றாகச் சாய்ந்தாள். மல்லிக்கும் பவுடருக்கும் அடியிலிருந்து அந்த வாடை வந்தது. எனக்கு அது என்ன என்று ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"ஜாக்கெட்டக் கழட்டும்மா."

"பைத்தியமாடி ஒனக்கு? ஆளுங்க வந்துனு இருக்காங்க."

"கழட்டு."

பார்த்ததை எழுத மாட்டேன். பாடப் புத்தகத்தில் அதற்குப் படம் இருக்கிறது, முற்றிய நிலை என்று கீழே போட்டிருக்கும். எப்போதிலிருந்து என்று கேட்டேன். நீ மெட்ராஸுக்குப் போன வருஷம் பட்டாணி மாதிரி இருந்தது என்றாள்.

"அன்னிக்கு சமையக்கட்டுல கேட்டனே?"

"நெனச்சிக்கோன்னு நீதான சொன்ன. நெனச்சிக்கினேன்."

அப்பா கதவைத் தட்டினார். திறந்ததும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே, "மலைக்குக் கூட்டிக்கினு போயி பச்சிலை போட்டோம்மா. கேக்குதுன்னுதான் சொன்னாங்க" என்றார். கல்வராயன் மலைக்கு. நான் பேட்டி எடுக்கப் போன அதே பஸ்ஸில். அடுத்து எந்தக் கிழமை மலைக்குப் போகப்போகிறாய் என்று அம்மா சோறு போட்டுக்கொண்டே விசாரித்ததெல்லாம் நான் வாந்தி எடுப்பேன் என்ற கவலையில் என்றுதான் நினைத்திருந்தேன். நான் போகாத நாளாகப் பார்த்து அவர்கள் போயிருக்கிறார்கள்.

அத்தையும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "இத்தன நாளு இருந்துட்டா. இன்னம் கொஞ்ச நாளுதான். நீ வாய மூடிக்கினு மணையில குந்து. தாலி ஏறன மறுநாளே எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போவலாம்" என்றாள். அம்மா என் கையைப் பிடித்தாள். "நீ இப்ப சொன்னன்னு வெச்சிக்கோ, நான் பொறுத்துக்கினதெல்லாம் வீணாப் பூடும்." அவள் சொன்னதில் எனக்குத் தாங்கவே முடியாதது இதுதான். உயிரை முதலாகப் போட்டுவிட்டாள், இனி நான் வாயைத் திறந்தால் நஷ்டத்துக்கு நான் பொறுப்பு.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டுகள் வைத்தாயிற்று. பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் சம்மதம்தானே என்று சபையைப் பார்த்துக் கேட்டார். அது பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை. நான் எழுந்து நின்றேன். "எங்க அம்மாவுக்கு மாருல கேன்சர் இருக்குது. நான் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும். மத்ததப் பிற்பாடு பேசிக்கலாங்க" என்றேன்.

யாரும் சண்டை போடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "மொதல்ல ஒடம்பப் பாருங்க, நாங்க ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்" என்று மரியாதையாகச் சொன்னார். அவர்களுடைய தட்டுகளை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. சாப்பிடாமல் போகக் கூடாது என்று அப்பா கைகூப்பி நின்றதில் சாப்பிட்டுவிட்டே போனார்கள். பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. அன்றைக்கு வாய்விட்டு அழ வேண்டிய நான் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனோம். எப்போது முதலில் தெரிந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "இப்பத்தாங்க, போன மாசம்" என்றாள். நான் திருத்திச் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தாகம் என்றால், "உங்கக்காவ தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று பக்கத்திலிருக்கும் தங்கையிடம் சொல்வாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடிப்பாள். கட்டு மாற்றியதும், வாந்தியைத் துடைத்ததும், கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடியை வாரி எடுத்ததும் நான்தான். அதற்கெல்லாம் உடம்பைக் கொடுத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஊரில் இதற்குள் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் என் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. சபையில் நான் சொன்னதை யாரும் மறுக்க முடியாது, அதனால் சொன்னவளையே மறுத்துவிட்டார்கள். அது சாதாரணக் கட்டி, கரைந்துவிட்டது. பெண்ணுக்குத்தான் மெட்ராஸில் எவனோ இருக்கிறான், கல்யாணத்தை நிறுத்துவதற்குப் பெற்றவளுக்கே கேன்சர் என்று கூசாமல் சொல்லிவிட்டாள். அந்தப் படிப்பு படித்தால் புத்தி அப்படித்தான் போகும். அம்மா மொட்டைத் தலையோடு வந்தபோது, மகள் புத்தி தெளிய வேண்டும் என்று திருப்பதிக்கு முடி கொடுத்ததாகச் சொன்னார்கள். ஊரே அவள் பக்தியை மெச்சியது. பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி வந்து என் நெற்றியில் விபூதி பூசி, "பெத்தவ மனச நோவடிக்காதம்மா" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். அப்பா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்று எவனோ சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடப்பதற்கு என்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் ஆய்வை எழுதி முடித்தேன். அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரியும், தெரிந்ததால்தான் மறைக்கிறார்கள் என்று முடிவுரையில் எழுதியிருந்தேன். மேடம் அதை அடித்துவிட்டு விழிப்புணர்வுக் குறைவு என்று மாற்றச் சொன்னார். உங்கள் வீட்டு விஷயத்தை இதில் கலக்காதீர்கள், உணர்ச்சிவசப்பட்டு எழுதினால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஏற்க மாட்டார் என்றார். சண்டை போடத் தெம்பில்லை. மாற்றிக் கொடுத்தேன். முதல் வகுப்பில் தேறினேன். இன்றைக்கு வீடு வீடாகப் போய் நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் பேசும் வேலையில் இருக்கிறேன். சாராயச் சாவுகள் நடந்த கருணாபுரத்துக்கும் போகிறேன். அங்கே பெண்கள் என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்கிறார்கள். சாவையே ஊர் உலகம் டிவியில் பார்த்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள்.

அம்மா கடைசியாக வீட்டுக்கு வந்து படுத்துவிட்ட நாட்களில் ஒரு மத்தியானம், தங்கை கடைக்குப் போயிருந்தபோது, என்னைப் பார்த்து நேராகப் பேசினாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் குரல் என்னை நோக்கி வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னம்மா என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சின்னவ கழுத்துல தாலி ஏறற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

என் மேல் அவளுக்கு அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாகப்போகிறவள் எனக்காக வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். சரிம்மா என்றேன். கையை நீட்டினாள், சத்தியம் அடித்துக் கொடுத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். வேறு எதுவும் சொல்லாமலே சில நாளில் போய்ச் சேர்ந்தாள்.

சாவுக்கு வந்தவர்கள் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டார்கள். ஹார்ட் அட்டாக், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அப்பா சொன்னார். என்னிடமும் கேட்டார்கள். ஹார்ட் அட்டாக் என்று நானும் சொன்னேன்.

தங்கைக்குச் சங்கராபுரத்துப் பக்கம் அமைந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத குடும்பம். கல்யாணத்தில் என்னைப் பந்தியில் பரிமாற விட்டார்கள், மேடைக்கு ஏற வேண்டாம் என்று அத்தை பக்குவமாகச் சொல்லிவிட்டாள். தங்கை மாமியார் வீட்டில் சந்தோஷமாகவே இருக்கிறாள், அதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சிதான்.

ஆனால் அம்மாவைப் பார்த்த டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருந்தார். மகள்களுக்கும் வர வாய்ப்பு உண்டு, தவறாமல் வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று. நான் கள்ளக்குறிச்சியிலேயே, எல்லாரும் பார்க்க வரிசையில் நின்று, செய்துகொண்டு வருகிறேன். தங்கை ஒரு முறைகூடப் போகவில்லை. போனில் கேட்டால், அப்பறம் பேசறேன்க்கா, அத்தை இருக்காங்க என்று வைத்துவிடுவாள். அங்கே அத்தை என்றால் அவள் மாமியார்.

போன மாதம் அவள் வீட்டுக்கு நேரிலேயே போனேன். மாமியார் காபி கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார். தங்கை குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கட்டி கிட்டி எதுவும் தட்டுப்படுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். கேள்வியை நான் முடிப்பதற்குள் இல்லை என்றாள். எங்கள் வீட்டில் இல்லை என்றால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஒரே ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம் வா. நான் கூட்டிக்கினு போறேன்."

"இன்னான்னு சொல்லிட்டு வர்றது? நல்லா இருக்கிறவ எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறன்னு கேக்க மாட்டாங்களா?"

"அம்மாவுக்கு இருந்துச்சின்னு சொல்லு. ஒனக்குத் தாலி ஏறுற வரைக்கும்தான் அம்மா என்கிட்ட கேட்டாங்க. ஏறிடுச்சி. புள்ளையும் பொறந்துடுச்சி. இனிமே யாருக்காவ மறைக்கணும்?"

அவள் பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "எனக்கும் பொட்டப் புள்ளையாப் பொறந்துடுச்சேக்கா" என்றாள்.

குழந்தை அந்த வாரம்தான் குப்புற விழப் பழகியிருந்தது.